"எங்க அப்வா மோட்சத்துக்குப் போவாங்களா?": ஞானோபதேச வகுப்பில் இந்தக் கேள்வி வந்தால் என்ன செய்வது

போன வருஷம் அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறு. பூசையும் முடிந்து, கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு விசுவாசம் சொல்லித்தருகிற ஞானோபதேச வகுப்பும் முடிந்து, பிள்ளைகள் எல்லாரும் கோயில் வாசலில் மொய்ங்கா என்ற மீன்குழம்பு நூடுல்ஸ் விற்கிற அம்மாவிடம் ஓடிவிட்டார்கள். ஒருத்தி மட்டும் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. 11 வயது. புத்தகத்தின் ஓரத்தை மடிப்பதும் நிமிர்த்துவதுமாக இருந்தாள். இடது கன்னத்தில் பூசியிருந்த தனக்கா மரப்பட்டைச் சாந்து அப்படியே இருந்தது. வலது கன்னத்தில் கோடு கோடாகக் கலைந்திருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"சயாமா, எங்க அப்வா மோட்சத்துக்குப் போவாங்களா, நரகத்துக்கா?"

சயாமா என்றால் பர்மிய மொழியில் டீச்சர். அப்வா என்றது அவள் அம்மாவைப் பெற்ற பர்மியப் பாட்டியை. புத்த மதம். இறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது.

ரங்கூனில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்க வருகிற யாருக்கும் இந்தக் கேள்வி ஒருநாள் வந்தே தீரும். நம்முடைய வீடுகள் அப்படி. ஒரே கூரையின் கீழ் பூசைக்குப் போகிற அப்பா, பகோடாவுக்குப் போகிற அம்மா, முனீஸ்வரருக்கு வேண்டிக்கொள்கிற பெரியப்பா, பாப்டிஸ்டு சபையில் பாடுகிற அத்தை மகள் எல்லாரும் இருக்கிறார்கள். இந்த வருஷம் புதிதாக வகுப்பு எடுக்க வந்திருக்கிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். 31 வருஷமாக நான் சொன்ன பதில்களில் எது பிள்ளையைத் தேற்றியது, எது பிள்ளையை உடைத்தது என்பது எனக்குத் தெரியும்.

உடைத்ததையே முதலில் சொல்கிறேன். வகுப்பு எடுக்கத் தொடங்கிய புதிதில் ஒரு பையன் இதே கேள்வியைக் கேட்டான். அவன் கேட்டது அப்பாவின் அம்மாவைப் பற்றி. அவர் கடைசிவரை இந்துவாகவே இருந்தவர். நான் மனப்பாடம் பண்ணி வைத்திருந்த பதிலைச் சொன்னேன்: "திருச்சபைக்கு வெளியே மீட்பு இல்லை." அவன் எதிர்த்துப் பேசவில்லை. "சரி சயாமா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டான். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. உறுதிபூசுதலுக்கும் வரவில்லை. பல வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் பார்த்தபோது அவனே சொன்னான்: "எங்க ஆயா இல்லாத இடம் எனக்கும் வேணாம்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன் சயாமா." கோபமாகச் சொல்லவில்லை, சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். எனக்குத்தான் அதற்குமேல் சோறு இறங்கவில்லை.

நான் சொன்ன வாக்கியம் திருச்சபையின் வாக்கியம்தான். அது எங்கே பிறந்தது, யாரைப் பார்த்துச் சொன்னது, திருச்சபை அதை இன்று எப்படி விளங்கிக்கொள்கிறது என்பதில் ஒன்றுகூடத் தெரியாமல் 12 வயதுப் பிள்ளையின் தலையில் இறக்கினேன். குற்றம் என்னுடையது.

முதலில் ஆளைக் கேளுங்கள்

கேள்வி வந்தவுடன் வேதாகமத்தைத் திறக்காதீர்கள். "அப்வாவைப் பத்திச் சொல்லு" என்று கேளுங்கள். பிள்ளை கேட்பது உலகத்தில் இருக்கிற கோடிக்கணக்கான புத்தர்களைப் பற்றி இல்லை. தன் தலையைப் பின்னிவிட்ட ஒரு கையைப் பற்றிக் கேட்கிறது.

அந்தப் பெண் சொன்னாள். அப்வா விடியுமுன் எழுந்து சோறு வடித்து, முதல் கரண்டியைப் பிட்சைக்கு வருகிற பொங்கிகளுக்கு, அதாவது புத்த பிக்குகளுக்கு, எடுத்து வைப்பாராம். ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு வேலை. அம்மா கோயிலுக்கு வருகிற வழக்கமில்லை. அதனால் இவளைக் குளிப்பாட்டி, தலை பின்னி, பஸ்ஸில் ஏற்றிப் பூசைக்குக் கூட்டிவந்தவர் அப்வாதான். உள்ளே வரமாட்டார். பூசை முடிகிறவரை வாசல் மரத்தடியில் உட்கார்ந்து தன்னுடைய 108 மணி மாலையை உருட்டிக்கொண்டிருப்பார். மழை நாளில் குடையோடு அங்கேயே நிற்பார். இவள் சொல்லச் சொல்ல எனக்கும் ஞாபகம் வந்தது. அந்த அம்மாவை நானே பல தடவை பார்த்திருக்கிறேன். யாரோ பழம் விற்கிறவர் என்று நினைத்துக் கடந்துபோயிருக்கிறேன்.

நம் இயேசு சாமி சொன்ன ஒரு வசனம் அப்போது நினைவுக்கு வந்தது. தம் சீடர் என்பதற்காக இந்தச் சிறியவர்களில் ஒருவருக்கு ஒரு கிண்ணம் குளிர்ந்த நீராவது கொடுப்பவர் கைம்மாறு பெறாமல் போகார் என்று மத்தேயு 10-ஆம் அதிகாரத்தின் கடைசியில் இருக்கிறது. ஒரு பிள்ளையைப் பல வருஷம் பூசைக்குக் கூட்டிவந்தவருக்கு அந்த வசனத்தில் இடமில்லை என்று யார் சொல்ல முடியும்? ஆனால் ஒன்று கவனியுங்கள். அந்த வசனத்தைக் காட்டி "பார், அப்வா மோட்சம் போயாச்சு" என்று முடித்துவிடக் கூடாது. அவர் செய்த நல்லது கடவுள் கண்ணுக்குத் தப்பவில்லை என்று காட்ட மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்கிற நாலு வாக்கியம்

அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். "மீட்கிறவர் இயேசு சாமி. அப்வாவை மீட்கணும்னு உனக்கு இருக்கிற ஆசையைவிட அவருக்கு ஆசை அதிகம். அதை எப்படிச் செய்வார்னு எனக்குத் தெரியாது, ஆனா அவரால முடியாதுன்னு சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. நாம அப்வாவுக்காக வேண்டிக்கலாம்."

நாலு வாக்கியத்தையும் முழுசாகச் சொல்லுங்கள். முதல் வாக்கியத்தை விட்டால் எல்லா வழியும் ஒன்றுதான் என்று ஆகிவிடும். அது நம் விசுவாசம் இல்லை. "வழியும் உண்மையும் வாழ்வும் நானே. என் வழியாய் அன்றி எவரும் தந்தையிடம் வருவதில்லை" என்று சொன்னவர் அவர் (யோவான் 14:6). வேறு எந்தப் பெயராலும் மீட்பில்லை என்று பேதுரு யூதர்களின் ஆலோசனைச் சங்கத்தின் முன் நின்று சொன்னார் (அப்போஸ்தலர் பணி 4:12). இரண்டாவது வாக்கியம் 1 திமொத்தேயு 2:4-இலிருந்து: எல்லா மனிதரும் மீட்புப் பெற வேண்டும் என்பது கடவுளின் விருப்பம். இந்த இரண்டும் ஒரே வேதாகமத்தில் இருக்கின்றன. 2000 வருஷமாகக் கிறிஸ்தவர்கள் வாதாடியதெல்லாம் இந்த இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது எப்படி என்றுதான்.

"கட்டாயம் மோட்சத்தில்தான் இருக்காங்க" என்று சொல்லத் தோன்றும். அழுகிற பிள்ளையைப் பார்த்தால் எனக்கும் தோன்றும். சொல்லாதீர்கள். பீடத்துக்கு உயர்த்திய அர்ச்சியசிஷ்டர்களை, அதாவது புனிதர்களை, பற்றி மட்டுமே திருச்சபை அப்படி உறுதியாகச் சொல்கிறது. அதே திருச்சபை, இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று பெயர் சொல்லி ஒருவரைப் பற்றியும் இதுவரை அறிக்கையிட்டது இல்லை. திருச்சபையே சொல்லாததை நாம் எப்படிச் சொல்வது?

நீங்கள் படித்து வைத்திருக்க வேண்டியது

பிள்ளையிடம் நாலு வாக்கியம் போதும். பத்தாம் வகுப்புப் பையன் விடமாட்டான். "சாமியார் அப்படிச் சொன்னாரே, பழைய புத்தகத்துல இப்படி இருக்கே" என்று கேட்பான். அவனுக்காகக் கொஞ்சம் சரித்திரம் தெரிந்திருக்க வேண்டும்.

"திருச்சபைக்கு வெளியே மீட்பு இல்லை" என்ற வாக்கு மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜ் ஆயராக இருந்த அர்ச்சியசிஷ்ட (அர்ச்.) சிப்ரியானிடமிருந்து வருகிறது. அவர் புத்த மதத்தாரையோ இந்துவையோ நினைத்துச் சொல்லவில்லை. திருச்சபையைப் பிரித்துக்கொண்டு தனியாகப் போனவர்களை எதிர்த்து எழுதும்போது சொன்னது. அதே ஆதித் திருச்சபையில் அர்ச். ஜஸ்டின் வேறொரு பக்கத்தைப் பிடித்தார். கிறிஸ்து பிறக்குமுன் வாழ்ந்த சாக்ரடீஸ் போன்றவர்கள் கடவுளின் வார்த்தைக்கு இசைய வாழ்ந்ததால் அவர்களும் கிறிஸ்தவர்களே என்று எழுதினார்.

நாலாம் நூற்றாண்டுச் சம்பவம் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். 392-இல் இளம் சக்கரவர்த்தி வாலன்டீனியான் ஞானஸ்நானம் பெறாமலே இறந்துபோனான். சகோதரிகள் அழுதார்கள். மிலான் ஆயர் அர்ச். அம்புரோஸ் அடக்கப் பிரசங்கத்தில் அவர்களைத் தேற்றினார்: அவன் கேட்டான், கேட்டதால் பெற்றுக்கொண்டான். ஆசையினாலான ஞானஸ்நானம் என்று நாம் படிக்கிற பாடத்துக்கு இதுவும் ஒரு வேர். வாலன்டீனியான் கேட்டான், நம் அப்வா கேட்கவில்லை. அந்த வித்தியாசத்தை மறைக்க வேண்டாம். ஆனால் இழவு வீட்டில் அழுகிற பெண்பிள்ளைகளின் பக்கத்தில் உட்கார்ந்துதான் ஒரு ஆயர் இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னார் என்பது எனக்கு எப்போதும் தெம்பு கொடுக்கிறது.

பிற்பாடு வாக்கியம் இறுகியது. 1442-இல் ஃபுளோரன்ஸ் சங்கம் என்ற ஆயர்களின் பொதுச்சபை, சாகுமுன் திருச்சபையில் சேராதவர்கள் நித்திய நெருப்புக்குப் போவார்கள் என்றே எழுதியது. நற்செய்தி உலகம் முழுக்கப் பரவிவிட்டது, கேளாதவர் அநேகமாக இல்லை என்று ஐரோப்பாவில் எண்ணியிருந்த காலம் அது. ஐம்பது வருஷத்தில் கப்பல்கள் அமெரிக்காவைக் கண்டன, இந்தியாவை அடைந்தன. நற்செய்தியைக் கேள்வியே படாத மனிதர்கள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றார்கள்.

நம் சவேரியார் அப்படி ஒரு இடத்தில்தான் நின்றார். முத்துக்குளித்துறையில் நம் மூதாதையருக்குத் தமிழில் மந்திரம் சொல்லிக்கொடுத்த அதே சவேரியார் 1549-இல் ஜப்பானுக்குப் போனார். அங்கே ஞானஸ்நானம் பெற்றவர்கள் கேட்ட கேள்வி நம் வகுப்புப் பிள்ளை கேட்ட அதே கேள்விதான். செத்துப்போன எங்கள் தாய் தகப்பன், பிள்ளைகள் கதி என்ன? நாங்கள் செபித்தால், தானம் செய்தால் அவர்களை வெளியே எடுக்க முடியாதா? முடியாது என்று சவேரியார் பதில் சொன்னார். அவர்கள் அழுதார்கள். 1552 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில், அவர்கள் அழுவதைப் பார்த்துத் தமக்கும் கண்ணீரை அடக்க முடியவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார்.

இந்த இடத்தை வகுப்பில் நிதானமாகச் சொல்லுங்கள். சவேரியார் கல்நெஞ்சர் இல்லை. தமக்குக் கற்பித்த பதிலைச் சொன்னார், அந்தப் பதில் அவருக்கே வலித்தது. அதே கடிதத்தில் இன்னொன்றும் இருக்கிறது. கொலை செய்யாதே, திருடாதே என்கிற கடவுளின் சட்டம் எந்தப் போதகரும் வருமுன்பே மனிதர் மனசில் எழுதியிருந்தது, காட்டில் தனியாக வளர்ந்தவனுக்கும் அது தெரியும் என்று ஜப்பானியருக்கு அவர் விளக்கினார். ரோமர் 2-ஆம் அதிகாரத்தில் பவுல் சொல்கிற மனச்சாட்சியும் அதுதான். பிற்காலத்தில் திருச்சபை திறந்த கதவின் சாவி ஒரு பக்கம் அவர் கையிலேயே இருந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

அதற்குப் பிறகு படிப்படியாக வந்தது. ஞானஸ்நானம் அல்லது அதன்மேல் ஆசை என்று 1547-இல் திரிதெந்தீன் சங்கம் எழுதியது. தங்கள் குற்றமில்லாமல் அறியாமையில் இருப்பவர்களைக் கடவுள் தண்டிக்கமாட்டார் என்று 1863-இல் பாப்பரசர் 9-ஆம் பத்திநாதர் (பயஸ்) எழுதினார். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் ஃபீனி என்ற குருவானவர் பழைய வாக்கியத்தை எழுத்துக்கு எழுத்து அப்படியே பிரசங்கித்தபோது, அப்படிப் பொருள்கொள்வது தவறு என்று 1949-இல் ரோமாபுரியிலிருந்து கடிதம் வந்தது. அவர் கீழ்ப்படியாததால் 1953-இல் திருச்சபையை விட்டு விலக்கப்பட்டார். 1972-இல் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டார்.

பிறகு இரண்டாம் வத்திக்கான் சங்கம். திருச்சபையைப் பற்றிய அதன் ஏடு 1964 நவம்பர் 21-இல் வெளிவந்தது. இங்கே பர்மாவில் கடைகளெல்லாம் அரசாங்கத்துக்குப் போய், நம் ஜனங்கள் கப்பலேறி ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் குடும்பத்தில் பாதிப் பேர் அப்போது போனார்கள். ரோமாபுரியில் என்ன எழுதினார்கள் என்று இங்கே யாருக்குக் கவனிக்க நேரம்? எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பழைய பதிலையே கையில் வைத்திருந்தார்கள். நானும் அதையே கற்றுக்கொண்டேன்.

அந்த ஏட்டின் 16-ஆம் பத்தியை ஆசிரியர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். தங்கள் குற்றமில்லாமல் கிறிஸ்துவின் நற்செய்தியை அறியாமல் இருந்து, நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி, அருளின் தூண்டுதலால் மனச்சாட்சி காட்டுகிறபடி நடக்க முயல்கிறவர்கள் நித்திய மீட்பை அடையலாம் என்கிறது. அதோடு நிற்கவில்லை. கடவுளை இன்னும் வெளிப்படையாக அறியாதவர்கள், அவர் அருளோடு நல்வாழ்வு வாழ முயன்றால் அவர்களுக்கும் வேண்டிய உதவி மறுக்கப்படுவதில்லை என்கிறது. புத்தர்கள் நடுவில் வாழ்கிற நமக்கு இந்த இரண்டாவது பாதிதான் முக்கியம். அடுத்த வருஷம் வந்த இன்னொரு ஏடு, கடவுளுக்கு மட்டுமே தெரிந்த வழியில் தூய ஆவியார் எல்லாருக்கும் கிறிஸ்துவின் பாஸ்காவில், அதாவது அவர் மரணத்திலும் உயிர்ப்பிலும், பங்கு பெற வாய்ப்புத் தருகிறார் என்று சொல்கிறது. "எப்படிச் செய்வார்னு எனக்குத் தெரியாது" என்று நான் பிள்ளையிடம் சொல்வது மழுப்பல் இல்லை. சங்கமே அதைக் கடவுளிடம் விட்டிருக்கிறது.

கெட்டிக்காரப் பையன் இங்கே ஒரு கிடுக்கிப்பிடி போடுவான். "அப்வாவுக்குத் தெரியாதுன்னு எப்படிச் சொல்றீங்க சயாமா? கோயில் வாசல்லயே உக்காந்திருந்தாங்களே?" நல்ல கேள்வி. மணிச்சத்தம் காதில் விழுவதும் கிறிஸ்துவை அறிவதும் ஒன்றா? அந்த மரத்தடிக்கு வந்து யாராவது அவருக்கு ஒரு நாற்காலி போட்டோமா? அவர் கண்ட கிறிஸ்து என்பது உள்ளே போய் வெளியே வந்த நாம்தான். நாம் கடவுளின் முகத்தைக் காட்டாமல் மறைத்துவிட்டால் அதில் நமக்கும் பொறுப்பு உண்டு என்று சங்கம் சொல்கிறது. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது என் குரல் தாழ்ந்துவிடும். தாழட்டும், பிள்ளைகள் பார்க்கட்டும்.

"அப்படின்னா ஞானஸ்நானம் எதுக்கு?"

இது கட்டாயம் அடுத்து வரும். எங்கள் குடும்பத்துக் கதை ஒன்றைத்தான் நான் சொல்வேன். 1942-இல் ஜப்பான்காரன் குண்டு போட்டு ஜனங்கள் நடைப்பயணமாக இந்தியாவுக்குப் போனபோது, என் பாட்டியின் தம்பி வழியில் தவறிப்போனான். நாலு வயது. ஒரு பர்மியக் குடும்பம் எடுத்து வளர்த்தது, நன்றாகவே வளர்த்தது. அம்மா உயிரோடு இருக்கிறாள் என்று தெரியாமலே வளர்ந்து, கல்யாணமும் கட்டினார். அந்த அம்மாவோ ஒவ்வொரு ராத்திரியும் அவர் பேரைச் சொல்லிச் செபமாலை சொன்னாள். கடைசியில் ஒரு ஆள் மூலமாக விஷயம் தெரிந்து, அவர் வந்து அம்மா கையைப் பிடித்தார். தெரியாமலே நன்றாக இருந்தவரிடம் போய் எதற்குச் சொன்னீர்கள் என்று அவர் யாரையும் கேட்கவில்லை. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்றுதான் அழுதாராம்.

அதோடு, அதே சங்க ஏட்டின் 14-ஆம் பத்தியையும் மறைக்காமல் படித்துக் காட்டுங்கள். திருச்சபை அவசியம் என்று தெரிந்தே நுழைய மறுக்கிறவருக்கு மீட்பில்லை என்று இருக்கிறது. உள்ளே இருந்தும் அன்பில் நிலைக்காதவர், உடலால் உள்ளே இருந்தாலும் உள்ளத்தால் இல்லாதவர், மீட்படையார் என்றும் இருக்கிறது. மீட்புப் பெறுவோர் சிலர் மட்டும்தானா என்று ஒருவர் கேட்டபோது நம் சாமி கணக்குச் சொல்லவில்லை. இடுக்கமான வாயில் வழியாக நுழைய நீங்கள் வருந்தி முயலுங்கள் என்றார் (லூக்கா 13). கேள்வியைக் கேட்டவனைப் பார்த்தே திருப்பிவிட்டார்.

பாப்டிஸ்டு அத்தை மகளிடம் பேசும்போது

அவர்கள் "இரட்சிப்பு" என்பார்கள், நாம் "மீட்பு" என்போம். சண்டை போட வேண்டாம். இந்த நாட்டில் அவர்கள் பட்ட பாட்டை மதியுங்கள். அமெரிக்க பாப்டிஸ்டு மிஷனரி ஜட்சன் ஐயா 1813-இல் ரங்கூனில் இறங்கி, முதல் பர்மியருக்கு 1819-இல்தான் ஞானஸ்நானம் கொடுத்தார். ஆறு வருஷம் ஒருவரும் வராமல் காத்திருந்தவரின் வாரிசுகளுக்கு, "கேளாதவர்களும் மீட்கப்படலாம்" என்ற பேச்சு அந்தப் பாட்டையே வீண் என்று சொல்வதுபோல் கேட்கும். வாயால் அறிக்கையிடாமல் இரட்சிப்பில்லை என்று ரோமர் 10-ஆம் அதிகாரத்தைக் காட்டுவார்கள். அதுவும் வேதாகமம்தான்.

எல்லா சீர்திருத்த சபையாரும் ஒரே மாதிரி நினைப்பதும் இல்லை. சுவிட்சர்லாந்துச் சீர்திருத்தவாதி சுவிங்ளி 16-ஆம் நூற்றாண்டிலேயே சாக்ரடீஸை மோட்சத்தில் பார்ப்போம் என்று எழுதி லூத்தரின் கோபத்தைச் சம்பாதித்தார். 1938 டிசம்பரில் நம் சென்னைக்குப் பக்கத்திலே தாம்பரத்தில் உலக மிஷனரி மாநாடு கூடியது. வேதாகம வெளிப்பாட்டுக்கும் மற்ற மதங்களுக்கும் தொடர்ச்சி இல்லை என்ற டச்சுக்காரர் கிரேமரின் வாதத்தை செஞ்சையா, சக்கரை முதலான இந்தியக் கிறிஸ்தவர்கள் புத்தகமே போட்டு எதிர்த்தார்கள். 1974-இல் நற்செய்திப் பணியைப் பற்றிச் சீர்திருத்த சபையார் எழுதிய லோசான் உடன்படிக்கையை வரைந்ததில் முக்கியமானவர் ஜான் ஸ்டாட். நற்செய்தியைக் கேளாதவர்களின் முடிவைத் தெரியாது என்று விட்டுவிடுவதே கிறிஸ்தவனுக்கு ஏற்றது என்று பிற்பாடு அவர் எழுதினார். அத்தை மகளுக்கு ஸ்டாட்டைத் தெரிந்திருக்கும், அங்கிருந்து பேச்சைத் தொடங்கலாம்.

புத்த நண்பன் நேரே கேட்டால்

"உங்க மதப்படி நான் நரகத்துக்கா?" என்று அலுவலகத்தில் கேட்டுவிடுவார்கள். இளைஞர்களுக்கு நான் சொல்வது: நாலு வாக்கியத்தில் முதல் மூன்றையும் மரியாதையாகச் சொல்லுங்கள், போதும். கார்ல் ரானர் என்ற ஜெர்மன் இறையியலர், அறியாமலே அருளுக்கு இணங்கி வாழ்கிறவர்களைப் "பெயரில்லாக் கிறிஸ்தவர்கள்" என்றார். நமக்குள் யோசிக்க அது உதவும். புத்த நண்பரின் முகத்துக்கு நேரே அதைச் சொல்லாதீர்கள். நீங்கள் பெயரில்லாப் புத்தர் என்று அவர் நம்மிடம் சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்?

வார்த்தையிலும் கவனம் வேண்டும். பர்மிய மொழியில் புத்தருக்கும் "பயா", பகோடாவுக்கும் "பயா", நம் கடவுளுக்கும் "பயா". ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு பேர் இரண்டு விஷயம் பேசிக்கொண்டிருப்போம். அவர் தேடுவது பிறவிச் சங்கிலி அறுகிற நிர்வாணம். நாம் சொல்வது தந்தையின் வீட்டில் உயிரோடு இருப்பது. முதலில் அவர் எதைத் தேடுகிறார் என்று கேட்டு அறிந்துகொள்ளுங்கள். 2017 நவம்பரில் பாப்பரசர் பிரான்சிஸ் ரங்கூனுக்கு வந்து மூத்த பிக்குகளைச் சந்தித்தபோது, கோபத்தைக் கோபமின்மையால் வெல்லச் சொல்லும் புத்தரின் வாக்கையும், அசிசி பிரான்சிஸின் பெயரால் வழங்குகிற சமாதான செபத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசினார். இரண்டும் ஒன்று என்று அவர் சொல்லவில்லை. சேர்த்து உட்காரலாம் என்று காட்டினார்.

ஏழாம் நாள் சடங்குக்குப் போகலாமா என்றும் கேட்பார்கள். போகச் சொல்வேன். அப்வாவின் பேத்தி வீட்டில் இல்லாமல் எங்கே இருப்பாள்? பொங்கிகளுக்கும் வந்தவர்களுக்கும் பரிமாறட்டும், கைகூப்பி உட்காரட்டும். தண்ணீர் வார்த்துப் புண்ணியத்தைப் பகிர்ந்து "அம்யா, அம்யா, அம்யா" என்று எல்லாரும் சொல்கிற நேரத்தில், அவள் மனசுக்குள் பரலோக மந்திரம், இயேசு சாமி கற்பித்த செபம், சொல்லிக்கொள்ளட்டும். இது என் அபிப்பிராயம். உங்கள் பங்குச் சாமியாரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

நவம்பர் 2-க்கு முன்னால்

நாலாவது வாக்கியத்தை வாயால் மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். பிள்ளைக்குக் கையால் செய்ய ஏதாவது வேண்டும். ஞானஸ்நானம் பெறாதவருக்குப் பூசை வைக்கலாமா என்று பலருக்குச் சந்தேகம். வைக்கலாம். உயிரோடிருப்பவர், இறந்தவர் யாருக்காகவும் குருவானவர் பூசை ஒப்புக்கொடுக்கலாம் என்று திருச்சபைச் சட்டம் 901 சொல்கிறது. பூசையில் குருவானவர் சொல்கிற நாலாம் நற்கருணை மன்றாட்டில், கிறிஸ்துவின் சமாதானத்தில் இறந்தவர்களை நினைத்த கையோடு, யாருடைய விசுவாசத்தைக் கடவுள் ஒருவரே அறிவாரோ அந்த இறந்தோர் அனைவரையும் நினைத்து வேண்டுகிறோம். இத்தனை வருஷம் கேட்டும் நான் கவனிக்காத வரி அது. அந்தப் பெண்ணுக்கு அதைப் புத்தகத்தில் விரல் வைத்துக் காட்டினேன்.

ஆத்துமாக்கள் திருநாளுக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்னாலேயே பிள்ளையைக் கோயில் ஆபீசுக்குக் கூட்டிப்போங்கள். கடைசி இரண்டு நாளில் கூட்டம் தாங்காது. பெயரை நீங்கள் எழுதாதீர்கள், பிள்ளையே எழுதட்டும். வீட்டில் கூப்பிட்ட பெயரோடு எழுதட்டும். மரியா, சூசை என்று முன்னால் எதையும் ஒட்ட வேண்டாம். அந்தப் பெண், "தமிழ்ல எழுதணுமா சயாமா?" என்று கேட்டாள். அப்வாவுக்குத் தமிழ் தெரியுமா என்று கேட்டேன். "வா, போ, சாப்பிடு தெரியும்" என்றாள். பர்மிய எழுத்திலேயே வட்டம் வட்டமாக எழுதினாள், நோட்டில் மேலும் கீழும் தமிழ்ப் பெயர்கள்.

கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் அவரவர் வீட்டுக் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றுவார்கள். தகனம் செய்த அப்வாவுக்கு அங்கே கல்லறை இல்லை. பிள்ளை திரியைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கும். நடுவில் இருக்கிற பெரிய சிலுவையின் அடிக்குக் கூட்டிப்போங்கள். அந்த வாரத்தில் காற்றடிக்கும், சில வருஷம் கடைசி மழையும் தூறும். தண்ணீர் பாட்டிலை மேலும் கீழும் வெட்டி, உள்ளே திரியை நிறுத்தி, அடியில் நாலு சொட்டு மெழுகு விட்டு ஒட்டுங்கள். தீப்பெட்டி இரண்டு கொண்டுபோங்கள், ஒன்று கட்டாயம் நமத்துப்போயிருக்கும். மந்திரம் சொல்லி முடித்ததும் கிளம்பு கிளம்பு என்று அவசரப்படுத்தாமல், திரி பாதி எரிகிறவரைக்குமாவது பக்கத்தில் நில்லுங்கள்.